கொடியின் துடிப்பு அடங்கும்வரை

அன்புள்ள தங்கைக்கு,

பி.ஜி. முடித்து நர்சிங்ஹோமில் சேர்ந்த மூன்றாவது வாரமே உன்னிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிட்டது. "ஏழாம் மாசம் செக்கப்புக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் ஸ்டெம் செல் எடுத்து வைக்கலாமான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும் மேடம்?" உனக்கு மட்டும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உன் வயதில் இன்னும் பலர் இதே கேள்விக்கு முன்னால் விழித்துக்கொண்டிருப்பார்கள் என்பதால், எல்லோரும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன்.

என் தப்பிலிருந்து தொடங்குகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தலைப்பிரசவம். குழந்தையின் அப்பா கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் கம்பெனிக்கு முன்பணம் கட்டியிருந்தார். ரத்தம் பிடிக்கும் பையோடு அட்டைப்பெட்டி லேபர் ரூமுக்குள் வந்துவிட்டது, கம்பெனிப் பையன் வராந்தாவில் காத்திருந்தான். குழந்தை வெளியே வந்த கையோடு கிளாம்ப் போட்டு, கொடியை வெட்டி, பிள்ளையை வார்மருக்கு அனுப்பிவிட்டேன். கொடியின் சிரையில் ஊசி ஏற்றிப் பையைக் கீழே தாழ்த்திப் பிடித்தோம். உறையாமல் இருக்க சிஸ்டர் அதைத் தொட்டில்போல ஆட்டிக்கொண்டே இருந்தார். "இன்னும் கொஞ்சம் வந்தா நல்லா இருக்கும் மேடம்" என்றார். நான் கொடியைப் பிழிந்தேன். அந்த நாலைந்து நிமிடம் அறையிலிருந்த அத்தனை பேரின் கண்ணும் பையின் மேல்தான். அழுத பிள்ளையை யாரும் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் குழந்தை ஒன்பதாம் மாதம் வெளிறிப்போய் வந்தது. ஹீமோகுளோபின் எட்டுக்குப் பக்கத்தில். என் அவசரத்தால்தான் என்று நிரூபிக்க முடியாது. இணை உணவு தாமதமாகியிருக்கலாம், அம்மாவுக்கே ரத்தம் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமே கால் லிட்டர் அளவுதான். பிறந்த பிறகும் நஞ்சுக்கொடியிலிருந்து பிள்ளைக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. முதல் ஒரு நிமிடத்தில் சுமார் 80 மில்லி, மூன்று நிமிடத்தில் 100 மில்லி வரை. நான் பையில் பிடித்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். யாருடைய ரத்தத்தை எடுத்து யாருக்குச் சேமித்தேன் என்று யோசித்துக்கொள்.

அதனால்தான் "வீணாகக் குப்பைக்குப் போற ரத்தம்தானே" என்று விளம்பரத்தில் வரும் வாசகத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சற்றுப் பொறுத்தால் அது குப்பைக்குப் போகாது, பிள்ளைக்குப் போகும். ஒரு நிமிடத்துக்கு முன்னால் கொடியைக் கட்டாதீர்கள், மூன்று நிமிடம்வரை பொறுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளை மூச்சு விடாமல் கிடந்தால் அது வேறு விஷயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு காட்டிய நாடு இது. இங்கே அந்த 80 மில்லியில் இருக்கும் இரும்புச்சத்துதான் எனக்குத் தெரிந்த மலிவான காப்பீடு.

இனி கம்பெனிகள் தரும் பளபளப்பான கையேட்டுக்கு வருவோம். 80-க்கும் மேற்பட்ட நோய்களுக்குச் சிகிச்சை என்று அதில் பட்டியல் இருக்கும். பட்டியல் பொய் இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பயன்பட்டது இன்னொருவரின் செல் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். தலசீமியா குழந்தைக்கு அதன் சொந்தக் கொடி ரத்தத்தை ஏற்றி என்ன பயன்? அந்தச் செல்லிலும் அதே மரபணுக் கோளாறுதான். ரத்தப் புற்றுநோய் வந்தால், அதன் முதல் விதை பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருந்திருக்கலாம். தன்னுடைய பையே தனக்குப் பயன்படும் வாய்ப்பு 2,500-ல் ஒன்று முதல் 2,00,000-ல் ஒன்று வரை என்று மதிப்பிடுகிறார்கள். காப்பீடு மாதிரி நினைத்துக்கொண்டு தனியார் வங்கியில் சேமிப்பதை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் பரிந்துரைக்கவில்லை, அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் பரிந்துரைக்கவில்லை. தன் சொந்த உபயோகத்துக்கென்று சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லை என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிலைப்பாடு. 75 ஆண்டுத் திட்டம் என்று ஆசை காட்டுவார்கள். ஒரு பையில் இருக்கும் செல் சின்னக் குழந்தைக்குப் போதும், வளர்ந்த ஆளின் எடைக்குப் பெரும்பாலும் போதாது என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும். ஆட்டிசத்துக்கு உதவும் என்று கேட்டு வருபவர்களிடம் இன்னும் நிதானமாகப் பேசு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முறையாக நடத்திய சோதனையின் முடிவு 2020-ல் வந்தது. எதிர்பார்த்த முதன்மைப் பலன் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு பாட்டியம்மா உன்னை மடக்குவார். விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். முன்னோர்கள் அப்போதே ஸ்டெம் செல் சேமித்தார்கள், நோய் வந்தால் அதை உரைத்துக் கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஏது? திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்தால்தான் அது பிழைக்கும். பாட்டியிடம் இதற்காகச் சண்டை போடாதே. தாயத்து யாரையும் கடன் வாங்கச் சொல்வதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, "எடுக்கவே வேண்டாம்" என்று எல்லோரிடமும் ஒரே பாட்டாகப் பாடிவிடாதே. அதுவும் தப்பு. தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தார்கள், மாமன் மகள் அத்தை மகன் கல்யாணம். மூத்தவனுக்குத் தலசீமியா. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். அந்த அம்மா பையிலிருந்து ரத்தம் ஏற்றிய தேதிகள் எழுதிய நாற்பது பக்க நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. கொடி ரத்தம் எடுத்து வைக்கலாமா என்பது நான் சொல்லாமலே அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர்களுக்குத்தான் யாரும் கையேடு கொடுக்கவில்லை. வயிற்றில் இருப்பது நோயில்லாமலும் இருந்து, அண்ணனுக்குத் திசுப் பொருத்தமாகவும் அமைய 16-ல் மூன்று வாய்ப்பு. குறைவுதான். ஆனாலும் முன்கூட்டியே கருவைப் பரிசோதித்து, ரத்தநோய் நிபுணரோடு பேசி, கொடி ரத்தத்தை எடுத்து வைக்க அங்கே உண்மையான காரணம் இருக்கிறது. கிளாம்ப் எப்போது போடுவது என்பதைக்கூட அந்த ஒரு வீட்டுக்காக நிபுணரோடு சேர்ந்து தனியாக முடிவு செய்யலாம்.

உலகின் முதல் கொடி ரத்த மாற்றுச் சிகிச்சையும் இப்படித்தான் நடந்தது. 1988 அக்டோபரில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன், ஃபான்கோனி ரத்தசோகை வந்த ஐந்து வயது அமெரிக்கச் சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி ரத்தத்தை ஏற்றினார். வீட்டில் நோயாளி யார் என்று தெரிந்திருந்தது, தங்கைக்கு நோய் இல்லை, திசு பொருந்துகிறது என்று அவள் பிறக்கும் முன்பே பார்த்துவிட்டார்கள். எப்போதாவது யாருக்காவது ஆகும் என்று அங்கே யாரும் எடுத்து வைக்கவில்லை.

எனவே உன் முதல் கேள்வி, "வீட்ல மூத்த பிள்ளைக்கோ வேற யாருக்காவதோ ரத்த நோய் இருக்கா?" என்பதாக இருக்கட்டும். ஆறாம் மாதத்திலேயே கேட்டுவிடு. வலி எடுத்து வந்தவளிடம் கையெழுத்து வாங்காதே. இல்லை என்று சொல்லியும் தயங்கினால், கம்பெனிக்காரரிடம் அவர்களையே கேட்கச் சொல்: "இதுவரைக்கும் உங்ககிட்ட இருந்து எத்தனை பை சிகிச்சைக்குப் போயிருக்கு? அதுல எத்தனை அந்தப் பிள்ளைக்கே போச்சு?" பதில் வர நேரமாகும். சேமித்தவர்கள் எல்லோரும் பைகளைப் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் திட்டமென்றாலும் இதே கேள்விதான். இப்போது பெற்றோரின் பாதிப் பொருத்த மஜ்ஜையிலிருந்தே மாற்றுச் சிகிச்சை செய்ய முடிவதையும் சொல். எல்லாம் கேட்ட பிறகும் எடுக்கிறோம் என்றால் அது அவர்கள் பணம், அவர்கள் முடிவு. மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளாமல் எடுத்துக் கொடு. கிளாம்ப் போடும் முன் பொறுக்க வேண்டிய அந்த நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே. பை கொஞ்சம் குறைவாக நிறையும் என்று முன்னாலேயே சொல்லிவிடு.

கம்பெனியிலிருந்து உறை ஒன்று வரும். ஒரு கேஸுக்கு இவ்வளவு என்று மரியாதையாகத்தான் நீட்டுவார்கள். கமிஷன் வாங்கக்கூடாது என்று 2002 மருத்துவ நெறிமுறை விதியிலேயே இருக்கிறது. விதியை விடு, உறையை வாங்கிய கை கிளாம்பை எப்போது எடுக்கும் என்று உனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு வேலை பாக்கி. உங்கள் லேபர் ரூம் சுவரில் ஒரு கடிகாரம் இருக்குமே, நொடிமுள் ஓடுகிறதா என்று பார். எங்கள் ஆஸ்பத்திரியில் அது மூன்று மாதமாக பத்து இருபதிலேயே நின்றுகொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை நானே பேட்டரி வாங்கிப் போட்டேன்.

அன்புடன்,
உன் பழைய மேடம்