காயடித்த நாய்க்கும் களம் உண்டு

நாய்க் கண்காட்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கருத்தை யாரும் மறுத்துப் பேசுவதில்லை: கருத்தடை செய்துவிட்டால் அந்த நாயின் கண்காட்சி வாழ்க்கை முடிந்தது. இதை நம்பி, கால்நடை மருத்துவர் சொன்ன அறுவை சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கருத்தடை செய்த நல்ல சாதி நாய் கையில் இருந்தும் கண்காட்சிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கருத்து உண்மையல்ல. அங்கே நாய் இனங்களின் பதிவையும் கண்காட்சி விதிகளையும் கவனிக்கும் அமைப்பு 'டாக்ஸ் ஆஸ்திரேலியா'. ஆஸ்திரேலிய தேசிய கென்னல் கவுன்சில் என்பது அதன் பழைய பெயர். அதன் கண்காட்சிகளில் காயடித்த ஆண் நாய்களுக்கும் கருத்தடை செய்த பெட்டைகளுக்கும் 'நியூட்டர்' என்று தனிப் பிரிவே இருக்கிறது. அவை தமக்குள் போட்டியிட்டு, புள்ளிகள் சேர்த்து, 'நியூட்டர் சாம்பியன்' பட்டம் பெறலாம். அறுவைக்கு முன்பே சாம்பியனான நாய் அந்தப் பட்டத்தை இழப்பதில்லை. அதோடு 'நியூட்டர் சாம்பியன்' பட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இனத்தின் சிறந்த நாய் யார் என்ற போட்டியில் மட்டும் கருத்தடை செய்த நாய்க்கு இடமில்லை.

இந்தப் பிரிவு அங்கே ஏன் அவசியம் என்பதைத் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் சட்டம் விளக்கும். 2018 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்த நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஆறு மாத வயதுக்குள் கருத்தடை செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பதிவு பெற்ற வளர்ப்போர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. ஆக, பெரும்பாலான வீட்டு நாய்கள் சட்டப்படியே கருத்தடை செய்யப்பட்டவை. அவற்றுக்குக் கதவை அடைத்தால் கண்காட்சி ஒரு சிறு வட்டத்தின் சொந்த விழாவாகச் சுருங்கிவிடும்.

அடைத்த கதவைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிதான். அதன் வழக்கமான வகுப்புகளில் கருத்தடை செய்த நாய் தகுதியிழக்கிறது. அந்த விதியை உலக விதி என்று எடுத்துக்கொண்டதில்தான் தவறு. அதே அமெரிக்காவில் 1898-இல் தொடங்கிய யுனைட்டட் கென்னல் கிளப், கருத்தடை செய்த நாய்களுக்கு 'ஆல்டர்ட்' பிரிவும் சாம்பியன் பட்டமும் வைத்திருக்கிறது. பிரிட்டனிலோ, கென்னல் கிளப்பின் அனுமதிக் கடிதம் பெற்றுவிட்டால் கருத்தடை செய்த நாயும் கண்காட்சியில் நிற்கலாம்.

இதைக் கேட்ட பலர் உடனே எதிர்த் திசையில் ஓடிவிடுகிறார்கள். அமெரிக்கத் தடை வெறும் வறட்டு கௌரவம், அர்த்தமற்ற பழைய பழக்கம் என்கிறார்கள். அதுவும் சரியல்ல. 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த முதல் கண்காட்சியில் நின்றவை பாயின்டர், செட்டர் என்ற வேட்டை நாய்கள் மட்டுமே. அடுத்த தலைமுறைக்கு எந்த நாயைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியைச் சுற்றித்தான் இந்த வழக்கமே வளர்ந்தது. பொலிகாளைக்கு ஒரு கண், உழவு மாட்டுக்கு ஒரு கண் என்று பார்த்துப் பழகிய விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நடுவர் ஆண் நாயின் விதைப்பையைத் தொட்டுப் பார்ப்பதற்கும் இதுதான் காரணம். சில குட்டிகளுக்கு ஒரு விதையோ இரண்டுமோ கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். இது பரம்பரையாக வரும் குறை. உள்ளே தங்கிய விதையில் பின்னாளில் கட்டி உண்டாகும் வாய்ப்பும் அதிகம். காயடித்துவிட்டால் அந்தக் குறை இருந்த தடயமே மறைந்துபோகும். அப்படிப்பட்ட நாய், இனப்பெருக்கத்துக்கு உரிய நாய்களை முந்திப் பட்டம் வாங்குவது யாருக்கும் நல்லதல்ல. தனிப் பிரிவு என்ற ஆஸ்திரேலிய ஏற்பாடு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது: அங்கே அந்த நாய் இனப்பெருக்கத்துக்கு உரிய நாய்களோடு போட்டியிடுவதில்லை.

செயற்கை விதை பொருத்திச் சமாளிக்கலாமே என்ற யோசனையும் உலவுகிறது. 'நியூட்டிக்கிள்ஸ்' என்ற பெயரில் அது 1995 முதல் அமெரிக்காவில் கிடைக்கிறது. செயற்கை முறையில் தோற்றத்தை மாற்றிய நாயை அமெரிக்கன் கென்னல் கிளப் ஏற்பதில்லை.

கருத்தடை செய்த நாயிடம் நடுவர் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் அநியாயமான நம்பிக்கை. தோள்பட்டையின் சாய்வு, முதுகுக் கோடு, பல் வரிசை, பாதத்தின் வடிவம், கண்ணின் நிறம், ஓடும்போது முன்கால் எட்டும் தூரம், பின்கால் உந்தும் வேகம் இவற்றில் எதையும் அறுவை எடுத்துவிடுவதில்லை. வளர்ந்து முடிந்த நாயின் எலும்புக்கூடு, பெற்றோர் தந்ததை அப்படியே சொல்லும். ஒரு வளர்ப்பாளரின் பத்தாண்டு உழைப்பு எப்படிப் பலித்தது என்பதற்கு, யாரோ ஒருவர் வீட்டுச் சோபாவில் தூங்கும் அந்த நாயும் சாட்சிதான்.

ஆனால் எதுவுமே மாறாது என்று சொல்வதும் உண்மையாகாது. ஐரிஷ் செட்டர், காக்கர் ஸ்பேனியல் போன்ற நீள்முடி இனங்களில் கருத்தடைக்குப் பிறகு பளபளப்பு குறைந்து, முடி பஞ்சு போல அடர்வதுண்டு. உடலுக்குத் தேவைப்படும் தீனி குறைவதால், அளவைக் குறைக்காவிட்டால் எடை ஏறும். மிக இளம் வயதில் செய்தால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவது தாமதமாகி, கால்கள் சற்றே நீண்டுவிடும்.

அழகைவிட முக்கியமான கணக்கு ஒன்றும் இதில் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 759 கோல்டன் ரிட்ரீவர் நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்கு முன் காயடித்த ஆண் நாய்களில் 10 சதவீதத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இருந்தது. காயடிக்காதவற்றோடு ஒப்பிட்டால் இது இரு மடங்கு. அதே குழுவினர் 2020-இல் 35 இனங்களைப் பார்த்தபோது, சிறிய இனங்களில் மூட்டுக் கோளாறு அப்படிக் கூடவில்லை. எந்த வயதில் செய்வது என்பதை இனமும் உடலளவும் பார்த்து மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவைக் கண்காட்சி நாள்காட்டியிடம் விட்டுவிடக் கூடாது.

கருத்தடையோடு வம்சம் அறுந்தது என்ற பேச்சும் முழு உண்மையல்ல. உறையவைத்த விந்தணுவால் நாய்க்குட்டிகள் பிறந்த செய்தி 1969-லேயே பதிவானது. முன்கூட்டியே சேமித்து வைத்திருந்தால், காயடித்த பிறகும் ஆண் நாய்க்குக் குட்டிகள் பிறக்கும். அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிப் புத்தகமே இதற்கு ஓரளவு இடம் தருகிறது: குட்டிகளின் தரத்தை வைத்துத் தகப்பனை மதிப்பிடும் 'ஸ்டட் டாக்' வகுப்பில் காயடித்த நாயும் நிற்கலாம், தாயை மதிப்பிடும் 'புரூட் பிட்ச்' வகுப்பில் கருத்தடை செய்த பெட்டையும் நிற்கலாம்.

பூனை உலகம் இந்தச் சண்டையை எப்போதோ கடந்துவிட்டது. 1906-இல் தோன்றிய அமெரிக்கப் பூனைப் பதிவு அமைப்பான கேட் ஃபேன்சியர்ஸ் அசோசியேஷன், கருத்தடை செய்த பூனைகளுக்கு 'பிரீமியர்', 'கிராண்ட் பிரீமியர்' என்று தனிப் பட்டங்கள் வழங்குகிறது. அங்கே அது யாருக்கும் வியப்பாகத் தெரிவதில்லை.

இந்த விதிகளின் முழுக் கனமும் ஒரு நோயில் தெரியும். பெட்டை நாய்களின் கருப்பையில் சீழ் கட்டும் 'பயோமெட்ரா' உயிரைப் பறிக்கக் கூடியது. ஸ்வீடனின் காப்பீட்டுப் பதிவுகளின்படி, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்கு அது வருகிறது. கருப்பையை எடுப்பதுதான் வழக்கமான சிகிச்சை. நான்கு வயதில் இப்படிப் பிழைத்து எழுந்த ஒரு பெட்டை ஆஸ்திரேலியாவில் என்றால், உடம்பு தேறியதும் நியூட்டர் பிரிவில் ஓடும். அமெரிக்கன் கென்னல் கிளப்பின் களத்தில், குட்டி போடாத பெட்டை என்றால் முதுமையை எட்டும்வரை காத்திருந்து, குறிப்பிட்ட இனத்துக்கு மட்டும் தனியாக நடக்கும் கண்காட்சி போன்ற சில இடங்களில், 'வெட்டரன்' வகுப்பில் நிற்க வேண்டும்.