பிள்ளைகளுக்கு மனிதரை அறியும் பாடம்



நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். ஊரில் தொடக்கப் பள்ளியும் மதரஸாவும்தான் என் கல்வி. மீதியெல்லாம் கடையில் நின்று கற்றது. இப்படிப்பட்டவன் பள்ளிப் பாடங்களைப் பற்றி எழுதப் புகுவதா என்று சிலர் நினைக்கலாம். ஆயினும் என் மகனுக்கு வகுப்பில் கொடுத்த ஒரு வேலை எனக்கே பாடமாகிவிட்டது. அதை நம்மவர்களுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வது முறையன்று என்று கருதியே இதை எழுதுகிறேன்.

மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். வீட்டில் புழங்கும் ஒரு பொருள் எந்த நாட்டில் விளைந்து, யார் யார் கைமாறி நம்மிடம் வந்தது என்று விசாரித்து எழுதி வரும்படி அவன் ஆசிரியை சொல்லியிருந்தார். பையன் நம் கடைப் பெரிய வெங்காயத்தை எடுத்துக்கொண்டான். எனக்கு உள்ளூரப் பெருமை. நாசிக் மாவட்டம், லாசல்கான் சந்தை, மும்பைக்கு அருகிலுள்ள நவசேவா துறைமுகம், சிங்கப்பூர், மொத்த வியாபாரியின் கிட்டங்கி, பிறகு நம் கடை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

எழுதிக்கொண்டவன், "அத்தா, இதைப் பயிரிட்டவருக்குக் கிலோவுக்கு எவ்வளவு கிடைக்கும்? மூட்டை தூக்குறவருக்கு என்ன கூலி?" என்று கேட்டான். சரக்கின் விலையை நான் அறிவேன். மனிதரின் கூலியை அறியேன். விழித்தேன்.

அத்தோடு விடவில்லை. கல்லாப் பக்கம் கிடந்த கடன் நோட்டைப் புரட்டியவன், "நீலச் சட்டை, 18 வெள்ளி" என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்து, "இது யாரு அத்தா?" என்றான். கட்டட வேலை செய்யும் வங்காளதேசத்து ஆள். மூன்று வருடமாக இரவில் வந்து சாமான் வாங்குகிறவர். "மூணு வருஷமா வர்றாரு, பேரு கேக்கவே இல்லையா?" என்றான் பையன். அந்த வாரந்தான், வேண்டியதைச் சொல்லத் தெரியாமல் அவர் அலமாரியைக் கைகாட்டிக்கொண்டு நின்றபோது, கூட்டம் நிற்கிறதென்று நான் அவர்மேல் எரிந்து விழுந்திருந்தேன். அதையும் பையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

சகோதரர்களே! அண்டை அயலாரின் உரிமையைப் பற்றி மதரஸாவில் மனப்பாடம் செய்தவன் நான். பிழையின்றி ஒப்புவித்துப் பாராட்டும் பெற்றிருக்கிறேன். அது நாவில் தங்கிவிட்டது. கடை வாசல்வரை வரவில்லை. ஆகவே, பிறரை மதிக்கும் குணத்தைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. செய்ய வைத்துப் பழக்க வேண்டும் என்பதே நான் கண்ட உண்மை. அதற்கு மூன்று வகைப் பயிற்சிகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: பொருளின் வழியே உலகத்தை அறிதல்

சிங்கப்பூரின் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆதலால் நம் மளிகைக் கடையை விடச் சிறந்த உலகப் படம் பிள்ளைகளுக்குக் கிடையாது. மைசூர்ப் பருப்பு என்று பெயர் சொல்லி விற்கிறோம். ஆனால் உலகச் சந்தைக்கு அதை மிகுதியாக அனுப்புகிற நாடுகள் கனடாவும் ஆஸ்திரேலியாவும். உளுந்துக்குப் பர்மா பேர்போனது. ஏலக்காயை மலையாள மலைச்சரக்கு என்று நினைக்கிறோம். அமெரிக்கக் கண்டத்திலுள்ள குவாத்தமாலா என்னும் சிறு நாடுதான் இன்று அதன் ஏற்றுமதியில் முன்னிற்கிறது.

ஆசிரியர் ஒரு பொருளைக் கொடுத்து, பிள்ளைகளை நான்கு கூட்டமாகப் பிரிக்கலாம். விளைவிப்பவர், சுமப்பவர், விற்பவர், உண்பவர் என்று ஆளுக்கொரு பாகம். பிறகு ஒரு சங்கடத்தை முன்வைக்க வேண்டும். 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும், அவ்வாண்டு டிசம்பரில் வெங்காயத்துக்கும் இந்தியா தடை போட்டது. அப்போது நாமெல்லாரும் திட்டினோம். ஆனால் தன் நாட்டில் விலை ஏறி ஏழை வாங்க முடியாமற் போகுமே என்பது தடை போட்டவர்களின் கவலை. ஏற்றுமதி நின்றால் விலை விழுந்துவிடுமே என்பது அந்நாட்டு விவசாயியின் கவலை. நம் வாடிக்கைக்காரரின் கவலையோ வேறு. நான்கு கூட்டமும் தத்தம் நியாயத்தைப் பேசட்டும். ஒரே செய்திக்கு இத்தனை முகம் உண்டென்பதை அன்றைக்குப் பிள்ளைகள் அறிவார்கள்.

இரண்டாவது: பிறர் இடத்தில் நின்று பார்த்தல்

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் என்னும் சிற்றூரில், ஜேன் எலியட் என்ற ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறக் கண்ணுடையவர்கள் உயர்ந்தவர்கள் என்று சொல்லி அவர்களுக்குச் சலுகை கொடுத்தார். மற்றவர்களைத் தாழ்த்தினார். பிறகு அதைத் தலைகீழாக மாற்றினார். நல்ல பிள்ளைகளே சிறிது நேரத்தில் ஒருவரையொருவர் இழிவாக நடத்தத் தொடங்கியதை அவர் கண்டார். உலகமெல்லாம் பேசப்பட்ட பாடம் இது. எனினும் சிறு பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்தும் முறை என்று இதைக் கண்டித்தவர்களும் உண்டு. அக்கண்டனத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது.

புண்படுத்தாமலும் இதைக் கற்பிக்கலாம். வகுப்பில் ஒரு கடை வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரப் பிள்ளைக்கு ஒரு பாஷைதான் தெரியும். வாங்க வருகிற பிள்ளை அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் பேசக்கூடாது. பின்னால் நான்கு பேர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று நிற்கட்டும். முடிந்ததும் பாத்திரங்களை மாற்றிவிட்டு, "உனக்கு எப்படி இருந்தது?" என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் பாடம், மற்றது விளையாட்டு. பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வந்த புதிதில், மலாயும் தெரியாமல் ஆங்கிலமும் தெரியாமல், ஒரு சோப்புக் கட்டி வாங்க நான் பட்ட பாட்டை மறந்தல்லவா அந்த வங்காளியிடம் கத்தினேன்!

இங்கே பள்ளிகளில் 1997 முதல் ஜூலை 21ஆம் தேதியை இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று பிள்ளைகள் பல இன உடைகளை உடுத்திப் போவதை நாமும் பார்த்து மகிழ்கிறோம். ஆனால் 1964இல் அதே தேதியில் மூண்ட கலவரத்தையும், அந்த மாதத்தில் 23 பேர் மாண்டதையும் எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? உடை ஒரு நாளைக்கு. அதன் காரணமோ ஆயுளுக்கும் வேண்டியது.

மூன்றாவது: ஊர்க் காரியத்தில் கை கொடுத்தல்

2016இல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிள்ளைகளே தினமும் தங்கள் வகுப்பறை முதலிய இடங்களைத் துப்புரவு செய்யும் ஏற்பாடு பரவலாக்கப்பட்டது. "என் பிள்ளை துடைப்பம் பிடிக்கவா பள்ளிக்குப் போகிறான்?" என்று நம்மில் சிலர் கேட்கிறோம். ஆம், அதற்குந்தான் போகிறான். குப்பை அள்ளியவனுக்கே குப்பை போடக் கை கூசும்.

சமூகத் தொண்டிலும் ஒரு மாற்றம் வந்தது. முன்பு மாணவர்கள் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் செய்ய வேண்டும் என்று கணக்கு இருந்தது. 2012இல் வந்த புதிய திட்டத்தில் மணிக்கணக்கை விட, செய்ததைப் பற்றிச் சிந்திப்பதற்கே முக்கியத்துவம் கொடுத்தார்கள். இது நல்ல முறை. இதை ஐந்து படியாகச் செய்யலாம்: கண்ணால் பார்த்தல், சம்பந்தப்பட்டவரைக் கேட்டல், கூடி முடிவு செய்தல், செய்தல், செய்தபின் உட்கார்ந்து யோசித்தல். உதாரணமாக, புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியவர்கள் உட்கார இடமில்லை என்று பிள்ளைகள் கண்டால், முதலில் அம்முதியவர்களையே கேட்க வேண்டும். பிறகு நகர மன்றத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும், குடிமகன் எப்படிப் பேச வேண்டுமென்ற பழக்கம் அதில் வந்துவிடும்.

நிற்க. ஆசிரியர்கள் அரை நாள் கற்பிப்பதை நாம் அரை நிமிடத்தில் அழித்துவிட முடியும். கடையில் ஒரு சொல், சாப்பாட்டு வேளையில் வேற்றினத்தாரைப் பற்றி ஓர் இளக்காரம் போதும், பாடம் போயிற்று. எனவே நம்மாலான மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் விசாரிக்க வந்தால் விரட்டாமல், வியாபாரம் தணிந்த நேரத்தில் கடையைக் காட்டுவோம். நமது சங்கத்தின் வாரக் கடைசி வகுப்பில், மேலே சொன்ன கடை விளையாட்டை ஒரு முறை நடத்திப் பார்ப்போம். வாடிக்கைக்காரரையும் வேலைக்காரத் தம்பிகளையும் பெயர் சொல்லி அழைப்போம்.

அந்த மனிதர் அடுத்து வந்தபோது அவருடைய பெயரைக் கேட்டேன். கடனை உடனே கட்டச் சொல்லப் போகிறேனோ என்று முதலில் பயந்துவிட்டார். பிறகு விஷயம் விளங்கி, பேனாவை வாங்கித் தம் பெயரை வங்காள எழுத்தில் அவரே நோட்டில் எழுதினார். அதன் கீழே தமிழில் நான் எழுதிக்கொண்டேன். "நீலச் சட்டை" என்பதை என் மகன் அடித்துவிட்டான்.

வஸ்ஸலாம்.