மண்ணுக்கும் உயிர் உண்டு

மண் வெறும் தூசி அல்ல. ஒரு சிட்டிகை நல்ல மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்.

மண்ணின் வேலையாட்கள்

உதிர்ந்த இலையை மக்க வைப்பவை இவையே. சாணத்தை எருவாக்குபவையும் இவையே. அவரை, பயறு, கடலைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் ஒரு வகை பாக்டீரியா உண்டு. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாகத் தருகிறது.

டின்னின் அடியில் தங்குவது

மும்பை தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டு என்ற பகுதி உள்ளது. பழைய பிளாஸ்டிக், எண்ணெய் டின், ரசாயன டிரம் எல்லாம் அங்கே வருகின்றன. தொழிலாளர்கள் அவற்றைத் தரம் பிரிக்கிறார்கள், கழுவுகிறார்கள். பழைய பொருள் மீண்டும் பயன்படுகிறது. நகரத்தின் குப்பை குறைகிறது. இது பெரிய சேவை.

ஆனால் டின்னின் அடியில் எண்ணெயும் தின்னரும் தங்கியிருக்கும். தரையில் ஊற்றினால் அவை மண்ணில் இறங்கும். சாக்கடையில் ஊற்றினால் மித்தி ஆற்றின் வழியாக மாகிம் உப்பங்கழிக்குப் போகும். அங்கே அலையாத்தி மரங்கள் சேற்று மண்ணில் வளர்கின்றன. அந்த மண்ணும் கெடும்.

நஞ்சு என்ன செய்கிறது?

எண்ணெய் மண்ணின் மேல் படலமாகப் படிகிறது. காற்றும் தண்ணீரும் உள்ளே போவதில்லை. தின்னர் பாக்டீரியாவின் மெல்லிய தோலைக் கெடுக்கிறது. கழிவறையில் பினாயில் ஊற்றினால் கிருமிகள் சாகின்றன அல்லவா? அதே பினாயில் மண்ணில் விழுந்தால் நல்ல பாக்டீரியாவும் சாகும். நஞ்சுக்கு நல்லது கெட்டது தெரியாது. பிறகு குப்பை மக்காது. செடி வளராது.

எண்ணெய் தின்னும் பாக்டீரியா

2010 ஆகஸ்டில் மும்பை துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. நூற்றுக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அலையாத்திக் காடுகளிலும் படிந்தது. சில பாக்டீரியாக்கள் எண்ணெயையே உணவாகத் தின்னும். டெரி ஆராய்ச்சி நிறுவனம் அத்தகைய பாக்டீரியாக்களைச் சேர்த்து 'ஆயில்ஜாப்பர்' என்ற கலவையை உருவாக்கியிருந்தது. மும்பைக் கரையைச் சுத்தம் செய்ய அது பயன்பட்டது.

அப்படியானால் கவலை இல்லையா? உண்டு. இந்த வேலைக்குக் காற்று, ஈரம், சத்து எல்லாம் வேண்டும். மாதக்கணக்கில் காலமும் வேண்டும். ஊற்ற ஒரு நிமிடம் போதும்.

என்ன செய்யலாம்?

* எஞ்சின் பழைய எண்ணெயைத் தரையில் ஊற்ற வேண்டாம். மூடியுள்ள டின்னில் சேர்த்து வையுங்கள். உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு விதிகளும் இதையே சொல்கின்றன.
* டின் கழுவும்போது கையுறை அணியுங்கள். மண்ணைக் கெடுப்பது உடலையும் கெடுக்கும்.
* மீந்த பெயின்டையும் தின்னரையும் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

கலந்து பேசுங்கள்

1. பாக்டீரியா மண்ணில் செய்யும் இரண்டு வேலைகள் யாவை?
2. உங்கள் தெருவில் பழைய எண்ணெய் எங்கே போகிறது?