கம்பெனி செட்டோடு ஆம்ப் சேர்க்கலாமா?

கேள்வி: என் ஹேட்ச்பேக் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கம்பெனியே கொடுத்த டச் ஸ்கிரீன் செட், நான்கு கதவிலும் ஸ்பீக்கர். மெதுவாக வைத்தால் நன்றாகத்தான் பாடுகிறது. பைபாஸில் காற்று இரைச்சலுக்கு மேல் கேட்கட்டும் என்று சத்தத்தை ஏற்றினால் தபேலாவும் பேஸும் கரகரவென்று குழம்பிவிடுகின்றன. ஒரு கடையில் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில், செட் இருக்கட்டும், 1,000 வாட்ஸ் ஆம்ப் போட்டால் போதும் என்கிறார்கள். ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன் எல்லாம் இந்தச் செட்டோடுதான் சேர்ந்திருக்கின்றன. வாரண்டியும் பாக்கி இருக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: செட்டை மாற்ற வேண்டாம். கேமராவுக்கும் பட்டனுக்கும் தனித்தனியாக அடாப்டர் வாங்கிப் பொருத்தி, டேஷ்போர்டில் இடைவெளி தெரியாமல் ஃப்ரேம் தேடி, கடைசியில் பழைய வசதிகளில் ஒன்றிரண்டு போய்விடும். உங்கள் குறைக்கு ஆம்ப்தான் சரியான வழி. ஆனால் 1,000 வாட்ஸ் என்று சொன்ன கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த ஆம்பில் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது?

30 ஆம்பியர் என்றால் கணக்கு எளிது. இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ட். 30-ஐ 14-ஆல் பெருக்கினால் 420 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். வெளியே 1,000 எப்படி வரும்? டூ-இன்-ஒன் காலத்தில் பெட்டி மேல் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டு விற்றார்களே, அதே வித்தைதான். நீங்கள் பார்க்க வேண்டியது, ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்ஸ் மட்டும்.

உங்கள் செட் ஏன் கரகரக்கிறது என்பதற்கும் அதே 14 வோல்ட்தான் காரணம். செட்டுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் ஐ.சி., அந்த வோல்டேஜை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது 20 வாட்ஸ் பக்கம்தான். அதற்கு மேல் கேட்டால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். அதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். பேஸுக்குத்தான் அதிகத் திராணி வேண்டும் என்பதால் முதலில் அடிவாங்குவது தபேலா. தனி ஆம்ப் தனக்குள்ளேயே வோல்டேஜை உயர்த்திக்கொள்ளும். சேனலுக்கு 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் நான்கு சேனல் கிளாஸ்-டி ஆம்ப் உங்களுக்குப் போதும்.

ஆம்புக்கு எங்கிருந்து சிக்னல் எடுப்பது என்பதில்தான் பல கடைகள் சொதப்புகின்றன. கம்பெனி செட்டுகளில் பெரும்பாலும் பின்னால் ஆர்.சி.ஏ. அவுட் இருக்காது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே எடுக்க வேண்டும். அதற்கு ஹை-லோ கன்வெர்ட்டர் இருக்கிறது. ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்பாக வாங்கினால் அதுவும் வேண்டாம். இதில் ஒரு அபாயம்: செட்டின் ஸ்பீக்கர் நெகட்டிவ் ஒயர் எர்த் அல்ல. இரண்டு ஒயரிலுமே மின்சாரம் உண்டு. அதை பாடியில் சேர்த்தால் ஐ.சி. போய்விடலாம், செட் முழுவதையும் மாற்றும் செலவு வந்து நிற்கும். அந்த ஒயரில் சாதாரணமாகவே நிற்கும் ஏறத்தாழ 6 வோல்ட்டை வைத்து, செட் ஆன் ஆனதைக் கண்டுபிடித்துத் தானே ஆன் ஆகும் ஆம்புகளும் உண்டு. அப்படி வாங்கினால் ரிமோட் ஒயர் இழுக்கும் வேலை மிச்சம்.

ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். உங்கள் மாடலுக்கேற்ற கப்ளர் கிடைக்கிறது. செட்டுக்கும் வண்டி ஒயரிங்குக்கும் நடுவில் செருகிவிட்டால், வேண்டாதபோது கழற்றிப் பழையபடி ஆக்கலாம். வாரண்டி தகராறுகளில் சர்வீஸ் சென்டர் முதலில் தேடுவது வெட்டுப்பட்ட ஒயரைத்தான். எதற்கும் வேலைக்கு முன்னால் அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பவர் ஒயர். சிகரெட் லைட்டர் லைனிலோ ஃபியூஸ் பாக்ஸிலோ கொக்கி போடக் கூடாது, நேரே பேட்டரியிலிருந்து வர வேண்டும். நீங்கள் போடும் ஆம்புக்கு 8 கேஜ் போதும். ஆனால் முழுச் செம்பா என்று பாருங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு, அதே தடிமனில் மின்தடை அதிகம். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம். இது ஆம்பைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. பானெட்டிலிருந்து உள்ளே வரும் துளையில் தகடு உரசி ஒயர் தேய்ந்தால், பேட்டரியின் முழுச் சக்தியும் அந்த இடத்தில் இறங்கித் தீப்பிடிக்கும். அந்தத் துளைக்கு ரப்பர் க்ரோமெட் போட்டார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். எர்த் ஒயர் குட்டையாக இருக்கட்டும், பெயின்ட் சுரண்டிய தகட்டில் இறுக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் வேண்டாம். பேட்டரி நெகட்டிவில் சென்சார் உள்ள வண்டியானால் எர்த்தை அந்த முனையிலும் கொடுக்கக் கூடாது. சீட்டுக்கு அடியில் ஆம்ப் வைப்பதானால் மஞ்சள் நிறக் கப்ளர்களைத் தொடாமல் செய்யச் சொல்லுங்கள். அவை ஏர்பேக் ஒயரிங்.

கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கோன் 50 வாட்ஸை ரொம்ப நாள் தாங்காது. முன் கதவு ஜோடியை மட்டுமாவது மாற்றுங்கள். பின் கதவு அப்படியே இருக்கட்டும், அதற்குப் போகும் சேனலைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். ஆம்பில் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் கதவு ஸ்பீக்கரின் பாரம் குறையும். அடி பேஸ் வேண்டுமென்றால் பின்னொரு நாள் சின்ன சப்-ஊஃபர் சேர்க்கலாம், அவசரமில்லை.

கெயின் திருகை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. செட்டிலிருந்து வருவதே வெட்டுப்பட்ட ஒலியாக இருந்தால், கலங்கல் தண்ணீரைப் பெரிய மோட்டார் வைத்து இறைத்த கதைதான். ஈக்வலைசரை நடுவில் வைத்து, செட்டின் சத்தத்தை முக்கால் அளவில் நிறுத்தி, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஒரு டெஸ்ட் டோன் ஓடவிடச் சொல்லுங்கள். ஆம்ப் அவுட்புட்டில் மல்டிமீட்டர் ஏ.சி.யில் 14 வோல்ட் காட்டும் இடத்தில் கெயினை நிறுத்தினால், 4 ஓமுக்கு 50 வாட்ஸ் கணக்கு சரியாக வரும். சில கம்பெனி செட்டுகள் சத்தம் ஏற ஏறப் பேஸைத் தாமே குறைத்துக்கொள்ளும். உங்களுடையது அப்படியானால் அதை ஈடுகட்டும் டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் பிராசஸர்) உள்ள ஆம்ப் தேவைப்படும், விலையும் கூடும்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஒரு சோதனை. இன்ஜினை ஓடவிட்டு, பாட்டை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று சத்தம் ஏறினால் எர்த் சரியில்லை, அல்லது சிக்னல் ஒயரையும் பவர் ஒயரையும் ஒரே பக்கமாக இழுத்திருக்கிறார்கள். நாய்ஸ் ஃபில்டர் என்று ஒரு டப்பாவை எடுத்துவருவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லி, எர்த்தை முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.