777 என்னும் திறந்த கதவு

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தின் வேர்ட்பிரஸ் தளத்தில் படம் ஏற்ற முடியவில்லை. எல்லாக் கோப்புறைகளுக்கும் 777 என்ற அனுமதி எண்ணைக் கொடுக்கலாமா?
– வாசகர், மருதனார்மடம்

பதில்: வேண்டாம். 777 என்றால் அந்த வழங்கியிலுள்ள எந்தக் கணக்கும் அங்கே எழுதலாம், அழிக்கலாம். விறாந்தையில் எவரும் இருக்கலாம் என்பதற்காக அறைச் சாவியையும் கொடுப்பதில்லையே. பொதுவாகக் கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 போதும். படங்கள் சேரும் 'அப்லோட்ஸ்' கோப்புறையை மட்டும் தளத்தை இயக்கும் பயனருக்கு உரித்தாக்குங்கள். அங்கே பிஎச்பி ஓடாமல் தடுங்கள். மென்பொருளின் மற்றப் பகுதிகளை அந்தப் பயனர் வாசித்தால் போதும்.

அப்படிப் பூட்டினால், 2013இல் வேர்ட்பிரஸ் 3.7ஆம் பதிப்புடன் வந்த தானியங்கி இற்றைப்படுத்தல் நின்றுவிடுமே என்பீர்கள். நியாயமான கேள்விதான். பழைய பதிப்பில் தங்கிவிடுவதும் ஆபத்தே. ஆகவே எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணக்கில் நுழைந்து ஒழுங்காக இற்றைப்படுத்த ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பூட்டுப் போடுபவர் சாவியையும் பேணவேண்டும்.