அடுப்பங்கரைச் சவர்க்காரம் சொல்லித் தரும் பாடம்



கடந்த ஆடி மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. ரந்தாவ் பக்கம் உள்ள சின்னத் தோட்டம் அது. பாதிக் குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் போய்விட்டாலும் திருவிழா என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த என்னை அன்னதானச் சமையலுக்கு உதவியாகப் போட்டார்கள். விடியற்காலை சமையல் கொட்டகைக்குள் நுழைந்ததும் கேஸ் வாடை மூக்கில் ஏறியது.

"எங்க லீக்காகுதுன்னு தெரியல. ஒரு தீக்குச்சி கொளுத்திக் காட்டுனா தெரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் ஒருவர் சட்டைப் பையில் கையை விட்டார்.

"வேணாம் மாமா! கொஞ்சம் பொறுங்க!" என்று கத்தியே விட்டேன்.

கேஸ் தோங்கை மூடினோம். கொட்டகைத் தட்டிகளைத் திறந்துவிட்டு, வாடை போகும்வரை எல்லாரும் வெளியே நின்றோம். பிறகு பாத்திரம் கழுவ வைத்திருந்த சவர்க்காரத்தில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலக்கி, ஸ்பாஞ்சில் தொட்டு, ரெகுலேட்டரிலும் ரப்பர் குழாயிலும் தடவினேன். தோங்கை மெதுவாகத் திறந்தேன். குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் நுரை குமிழ் குமிழாக ஊதிக்கொண்டு வந்தது. அங்கேதான் குழாய் வெடித்திருந்தது. உடனே தோங்கை மூடினோம். அந்த அடுப்பை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற இரண்டில் சமைத்தோம். சாம்பார் ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான்.

"பாத்திரம் கழுவுற சோப்பு இதுக்கெல்லாம் உதவுமா தம்பி?" என்று மாமா கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த மாதப் பாடம்.

ஏன் வேலை செய்கிறது?

தண்ணீரின் துகள்கள் ஒன்றை ஒன்று இறுக்கி இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் தண்ணீரின் மேல்பரப்பு மெல்லிய தோல் போர்த்தியது போல இருக்கும். இதைத்தான் பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்தோம். சவர்க்காரத் துகளுக்கு இரண்டு முனைகள். ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறு முனை எண்ணெயைப் பிடிக்கும். அது தண்ணீரில் கலந்ததும் அந்த 'தோல்' தளர்ந்துவிடும். எண்ணெயும் தண்ணீரோடு கலந்து போய்விடும். வெறும் தண்ணீரில் குமிழ் வந்தவுடன் உடையும். சவர்க்காரத் தண்ணீரில் அது நீண்டு விரிந்து நிற்கும். கேஸ் கசிவைக் காட்டிக் கொடுத்தது இந்தக் குணம்தான்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஆக்னஸ் போக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண். பல்கலைக்கழகம் போகாதவர். வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே, அழுக்கும் எண்ணெயும் பட்ட தண்ணீரின் மேல்பரப்பு எப்படி மாறுகிறது என்று சமையலறையிலேயே அளந்து பார்த்தார். அதை ரேலி பிரபு என்ற விஞ்ஞானிக்குக் கடிதமாக எழுதினார். 1891-இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. நம்ம அம்மாமார் தினமும் நிற்கிற அதே இடத்தில் நின்றுதான் அவர் அறிவியல் செய்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று. பாத்திரச் சவர்க்காரத்தில் நுரை தரும் பொருள்களில் சில, செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயில் செய்யப்படுகின்றன. நம்ம அப்பாமார் வெட்டிப் போடும் குலைதான் அப்படி வேறு உருவில் நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

வீட்டில் எதற்கெல்லாம் உதவும்?

1. கேஸ் கசிவு பார்க்க. புதுத் தோங் மாட்டும்போதெல்லாம் செய்யுங்கள். எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரம் கலந்து, இணைப்புகளிலும் குழாய் முழுவதும் தடவுங்கள். தோங்கைத் திறந்து பாருங்கள். குமிழ் பெருகினால் கசிவு. உடனே மூடிவிட்டுக் குழாயை மாற்றுங்கள்; மாற்றிய பிறகு மறுபடியும் சோதியுங்கள். வாடை பலமாக இருந்தால் சோதனையே வேண்டாம். தோங்கை மூடிவிட்டு, மின்சார சுவிட்சைத் தொடாமல் எல்லாரும் வெளியேறி, 999-க்கு அழையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோரம் தேங்கி நிற்கும். ஒரு தீக்குச்சி போதும்.

2. பித்தளை விளக்குக்கு. "எவ்வளவு புளி போட்டாலும் பளிச்சுன்னு வரமாட்டேங்குது" என்று என் பாட்டி அலுத்துக்கொள்வார். விளக்கில் இருப்பது இரண்டு வகை அழுக்கு: மேலே எண்ணெய்ப் பிசுக்கு, அடியில் உலோகக் கறுப்பு. புளியின் புளிப்பு கறுப்பைக் கரைக்கும். ஆனால் பிசுக்கைத் தாண்டி உள்ளே போகாது. எனவே முதலில் வெந்நீரும் சவர்க்காரமும், பிறகு புளி. நன்றாக அலசித் துடைத்துக் காயவிடுங்கள். பாட்டி இப்போது பாதிப் புளியில் வேலையை முடிக்கிறார்.

3. கறிவேப்பிலைச் செடிக்கு. அசுவினி, மாவுப்பூச்சி பிடித்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு பூச்சியின் மேலேயே படும்படி தெளியுங்கள். முதலில் இரண்டு இலையில் தெளித்து, மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

4. பழ ஈக்கு. பூஜைக்கு வாங்கிய வாழைப்பழத்தைச் சுற்றும் குட்டி ஈக்கள் வினிகர் வாசத்துக்கு வரும். வெறும் வினிகர் என்றால் மேல்பரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பறந்துவிடும். ஒரு சொட்டு சவர்க்காரம் விட்டால் அந்தத் 'தோல்' தாங்காது, மூழ்கிவிடும்.

5. கொசுப் புழுவுக்கு. புழு மேல்பரப்பில் தொங்கிக்கொண்டுதான் மூச்சு விடுகிறது. சவர்க்காரம் கலந்தால் தொங்க முடியாது. ஆனால் டெங்கியைத் தடுக்க முதல் வேலை, பூச்சட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுவதுதான். கொட்ட முடியாத இடத்துக்கு மட்டும் சவர்க்காரம். கிணற்றிலோ குடிதண்ணீர்த் தொட்டியிலோ ஒருபோதும் விடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

பிளீச்சோடு எந்தச் சவர்க்காரத்தையும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரலாம். மிச்சத்தை ஆற்றிலோ மீன் குளத்திலோ ஊற்றாதீர்கள். மீனின் செவுளைக் கெடுக்கும். 'ஒரு சொட்டு நல்லதுன்னா ஒரு கப் இன்னும் நல்லது' என்று நினைக்காதீர்கள்.

வகுப்பில் செய்து பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்ததும் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவுங்கள். விரல் நுனியில் சவர்க்காரம் தொட்டு நடுவில் வையுங்கள். மிளகு ஓரத்துக்கு ஓடும். ஏன் என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள்.

நிறைவாக ஒன்று. அன்று தீக்குச்சியைத் தேடிய மாமா முட்டாள் இல்லை. நாற்பது வருஷமாக அன்னதானம் சமைத்தவர். அவருக்கு வேறு வழி யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இரண்டு முனைத் துகள் என்று நான் மூன்றாண்டுகளுக்கு முன்பே படித்துவிட்டேன். ஆனால் அதை எங்கள் தோட்டத்துக் கொட்டகைக்குக் கொண்டுவர அன்றைக்குத்தான் தோன்றியது. கோயிலில் தொண்டு என்றால் பந்தியில் பரிமாறுவது மட்டுமில்லை. நாம் படித்ததைப் பரிமாறுவதும் தொண்டுதான். இந்த வாரமே உங்கள் கோயில் சமையல் கொட்டகையில் ஒரு கிண்ணம் சவர்க்காரத் தண்ணீரோடு குழாய்களைச் சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பெரியவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.