தலையும் தோலும் இல்லாத மீன்

வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் இந்நாட்களில், கிழக்கு மத்தியதரைக் கடலின் நீர் வெதுவெதுப்படைந்து, சைப்பிரஸிலும் லெபனானிலும் துருக்கியின் தென்கரையிலும் ஜனங்கள் நீராடவும் தூண்டில் போடவும் கரைக்கு வரத் தொடங்கும் அதே சமயத்தில், அக்கடலுக்கு அந்நியமான ஒரு நச்சுமீன் சினை முற்றும் பருவத்தை எய்துகிறது. நம் மீனவர் பேத்தை என்று சொல்லும் குலத்தைச் சேர்ந்த அதனைக் கிரேக்கர் முயல்தலையன் என்றும், துருக்கியர் பலூன் மீன் என்றும் அழைக்கின்றனர். இந்து மகாசமுத்திரமும் செங்கடலும் அதன் பூர்வீக வாசஸ்தலங்கள். 1869-இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயின் வழியே வடக்கே ஏறி, 2003-இல் துருக்கியின் கோகோவா வளைகுடாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அம்மீன், சில ஆண்டுகளுக்குள் அக்கடலின் கீழ்க்கரை முழுவதையும் தன் சொந்த ஊர்போல் ஆக்கிக்கொண்டது.

ஜீவனத்தின் நிமித்தம் இலங்கையிலிருந்து அத்தேசங்களுக்குச் சென்றிருக்கும் நம்மவர் இப்போது செய்யவேண்டிய முதற்காரியம், தலையும் தோலும் நீக்கிச் சதையாக மலிவு விலைக்குத் தரப்படும் பெயர் தெரியாத மீனை வாங்காமலிருப்பதே. முழு மீனாயின் அடையாளம் எளிது: செதிலற்ற நீண்ட உடல், கரும்புள்ளிகள் தெளித்த முதுகு, பக்கவாட்டில் வெள்ளிப் பட்டை, கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளித் திட்டு, மேலே இரண்டும் கீழே இரண்டுமாகக் கிளியலகு போன்ற நான்கு பற்கள். ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய இதைத் தோலுரித்துவிட்டால், கைதேர்ந்த சமையற்காரரும் நல்ல மீனென்றே எண்ணுவர். ஐரோப்பிய ஒன்றியத்தில் இக்குலத்து மீன்களைச் சந்தைக்குக் கொண்டுவருவதே சட்டவிரோதம். ஆனால் துறைமுகத்துப் படிக்கட்டில் நண்பர் நீட்டும் பொட்டலத்துக்குச் சட்டம் ஏது?

புளியை அதிகமாகக் கரைத்து, மஞ்சள் தூக்கலாகப் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டால் எந்த விஷமும் முறிந்துவிடும் என்ற நம்பிக்கை நம் அடுக்களைகளில் ஆழ வேரூன்றியிருப்பதை அறிவேன். இம்மீன் விஷயத்தில் அது உயிருக்கே உலைவைக்கும் நம்பிக்கை. டெட்ரோடாக்சின் எனப்படும் இதன் நஞ்சு கொதியாலும் உப்பாலும் கருவாடாக உலர்த்துவதாலும் அழிவதில்லை. நாம் விரும்பி உண்ணும் சினையிலும் ஈரலிலும் அது மிகுதி. சதையிலும் இல்லாமற் போவதில்லை. 1774-இல் நியூ கலிடோனியாவில் மாலுமி ஜேம்ஸ் குக், இதே இனம் என்று கருதப்படும் மீனின் ஈரலையும் சினையையும் சிறிதளவே ருசித்துப் பார்த்தார். விடியுமுன் கைகால் மரத்து, நீர் நிறைந்த பாத்திரத்தின் கனத்துக்கும் இறகின் கனத்துக்கும் பேதம் தெரியாத நிலையை அடைந்தார். அதன் குடலைத் தின்ற கப்பல் பன்றியோ பிழைக்கவில்லை. சாஸ்திரப் பெயரில் இம்மீனுக்குப் பாதகன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லைச் சூட்டியவர்கள் மிகையாக எதுவும் செய்துவிடவில்லை.

உண்ட சில நிமிஷங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாவும் மரத்து, விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் தோன்றினால், வாந்தி வரட்டும் பார்க்கலாமென்று காத்திருக்க வேண்டாம். சைப்பிரஸ், கிரேக்கம், துருக்கி ஆகிய நாடுகளில் 112, லெபனானில் 140 என்ற எண்ணை அழைத்து, எஞ்சிய மீனையும் குழம்பையும் உடன் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் சுவாசத் தசைகள் ஓய்ந்துவிட்டாலும், இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்து அந்நஞ்சு உடலைவிட்டு நீங்கும்வரை காத்தால் மனிதர் பிழைக்கின்றனர். 2005 முதல் 2008 வரை இஸ்ரேலில் இம்மீனால் பீடிக்கப்பட்டதாகப் பதிவான 13 பேரும் நான்கு நாட்களுக்குள் குணமடைந்தனர். நோயாளி அசைவற்றுக் கிடந்தாலும் பிரக்ஞை இருக்கக்கூடுமாகையால், அவர் அருகில் நின்று நம்பிக்கையற்ற வார்த்தை பேசாதீர்கள். கைகால் தளர்ந்தபின் வாய்வழியே எதையும் புகட்டவும் வேண்டாம்.

தூண்டிலில் இது சிக்கினால், கொக்கியை மீட்கும் ஆசையை விட்டு நூலை அறுத்துவிடுவதே உத்தமம். வலைகளையே கடித்துக் கிழிக்கும் அப்பற்கள் மனித விரலைத் துண்டித்ததும் உண்டு. துருக்கி அரசு 2020 முதல் வாலொன்றுக்கு 5 லிரா வெகுமதி அளித்து இதைப் பிடிப்பித்தது. அது தொழில்முறை மீனவருக்குரிய காரியம், விடுமுறைக்குக் கரைக்கு வந்தவருக்கன்று. இறந்த மீனைக் கரையில் எறிந்துவிட்டு வராதீர்கள். சைப்பிரஸ் துறைமுகங்களில் பூனைகளுக்குக் குறைவில்லை.